ஆர் ஸ்கொயர் 0.99 வந்தா போதுமா?

ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்தாச்சு. எந்த டிபார்ட்மெண்ட் பிபிடியைத் திறந்தாலும் கடைசி ஸ்லைடு ஒரே மாதிரிதான். அஞ்சு வருஷ டேட்டா, அது மேல ஒரு நேர்கோடு, கோட்டோட நுனியில "2035-ல் தேவை இவ்வளவு" என்று ஒரே ஒரு எண். பக்கத்துல ஆர் ஸ்கொயர் 0.99. பேனலும் தலையாட்டிட்டு அடுத்த டீமைக் கூப்பிடுது. அந்த ஒரு எண்ணை நம்பக்கூடாதுன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

நீங்களே எக்ஸெல்ல போட்டுப் பாருங்க. 2021 முதல் 2025 வரை 100, 110, 121, 133, 146 என்று ஐந்து மதிப்புகள். ஃபோர்காஸ்ட்.லீனியர் ஃபங்ஷன் 2026-க்கு 156.5 கொடுக்கும். க்ரோத் ஃபங்ஷன் சுமார் 161. பெரிய வித்தியாசம் இல்லை. இப்போ 2035-ஐக் கேளுங்க. முதலாவது 260 என்கிறது, இரண்டாவது சுமார் 377. இத்தனைக்கும் ரெண்டுக்குமே ஆர் ஸ்கொயர் 0.99-க்கு மேல!

காரணம் சிம்பிள். லீனியர் வருஷா வருஷம் ஒரே அளவைக் கூட்டுது. க்ரோத் ஒரே சதவீதத்தில் பெருக்குது. எது உண்மைன்னு ஐந்து புள்ளிகள் சொல்லாது. ஆர் ஸ்கொயர், கடந்த காலத்தோடு கோடு எவ்வளவு ஒட்டுதுன்னு மட்டும்தான் சொல்லும். எதிர்காலத்துக்கு அது கேரண்டி கார்டு கிடையாது.

சீசன் இருக்கும் டேட்டா இன்னும் மோசம். ஹாஸ்டல் கரண்ட் யூனிட்டை எடுத்துக்கோங்க. செமஸ்டர் லீவுல ஹாஸ்டல் காலியா இருக்கும்னு நேர்கோட்டுக்குத் தெரியாது. எக்ஸெல் 2016-ல் வந்த ஃபோர்காஸ்ட்.இடிஎஸ் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும், குறைந்தது ரெண்டு வருஷ மாதாந்திர டேட்டா கொடுத்தால். ஆனா 2019 வரைக்குமான டேட்டாவை வச்சு, 2020 மார்ச்சில் காலேஜ் மூடும்னு எந்த ஃபங்ஷனும் சொல்லியிருக்காது.

அதனால மூணு விஷயம் செய்யலாம். ஒண்ணு, கடைசி வருஷ டேட்டாவை மறைச்சு வச்சுட்டு, மீதியை வச்சு அதைக் கணிச்சுப் பாருங்க. எவ்வளவு தள்ளிப் போகுதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். ரெண்டு, தனி எண் போடாம, கீழ் எல்லையும் மேல் எல்லையும் போடுங்க. இடிஎஸ் கூடவே வரும் கான்ஃபின்ட் ஃபங்ஷன் 95 சதவீத எல்லையைக் கணக்குப் போட்டே தருது. மூணு, ஏன் இந்த ஃபங்ஷன் என்று ஒரு வரி எழுதுங்க.

"ரேஞ்ச் போட்டா நமக்கே தெரியலன்னு நினைச்சு மார்க்கைக் குறைப்பாங்க"ன்னு நண்பர்கள் சொல்றாங்க. பயம் நியாயம்தான். ஆனா நாளைக்கு அந்த எண்ணை வச்சுத்தான் ஒருத்தர் டேங்க் அளவையோ டிரான்ஸ்ஃபார்மர் அளவையோ முடிவு பண்ணுவார். 260-க்குக் கட்டி 377 தேவைப்பட்டா, தண்ணி வராதது அந்த ஊர்க்காரங்களுக்குத்தான். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி படிச்ச நமக்கு இதைத் தனியா விளக்கணுமா?

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ரிவ்யூவில் "ஆர் ஸ்கொயர் எவ்வளவு?" என்று கேட்டதும், "எவ்வளவு தப்பாகலாம்?" என்றும் கேளுங்க. கேள்வி வரும்னு தெரிஞ்சா, நாங்க பதிலோட வருவோம்.