எல்லாவற்றுக்கும் ‘இனவாதம்’ என்றால் பதில் சுலபமாகிவிடுகிறது

2024 மே மாத இறுதியில் க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியானபோது, திருகோணமலை ஸாஹிரா கல்லூரியின் 70 முஸ்லிம் மாணவிகளின் பெறுபேறுகள் இடைநிறுத்தப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காதுகளை மூடியிருந்தார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். உள்ளே தெரியக்கூடிய மெல்லிய சால்வையைத்தான் அணிந்திருந்தார்கள் என்பது மாணவிகள் தரப்பு. பின்னர் பெறுபேறுகள் கிடைத்துவிட்டன. ஆனால் வாதம் முடியவில்லை. நாம் “இனவாதம்” என்றோம். மறுதரப்பு “விதி எல்லோருக்கும் ஒன்றுதான்” என்றது. இரண்டும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

குச்சவெளியில் ஆசிரியராக இருக்கும் எனக்கு, நாம் சொல்லைத் தவறவிட்டோம் என்றே படுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொற்கள் இருக்கின்றன. ‘பயஸ்’ என்பது மனம் ஒரு பக்கம் சாய்வது. ஒரு பக்கம் கனத்த பந்தை நேராக உருட்டினாலும் வளைந்துதான் ஓடும். அதற்கும் இதே சொல்தான். சாய்ந்தவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். ‘பிரெஜுடிஸ்’ லத்தீனிலிருந்து வந்தது, விசாரிக்கும் முன்பே எழுதிவிட்ட தீர்ப்பு. இவை இரண்டும் உள்ளத்தில் இருப்பவை. மூன்றாவதான ‘டிஸ்கிரிமினேஷன்’ ஒரு செயல். அது சுற்றறிக்கையிலும் இடமாற்றக் கடிதத்திலும் பெறுபேற்றிலும் கண்ணுக்குத் தெரியும். எமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தடுப்பதும் இந்தச் செயலைத்தான். அதன் தமிழ் வாசகம் இதை ‘ஓரங்காட்டுதல்’ என்கிறது. மூத்தவர்கள் சொல்லும் ஓரவஞ்சனைக்கு உறவுக்காரச் சொல். நாமோ மூன்றையும் ‘பாரபட்சம்’ என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே விதியை எல்லோருக்கும் வைத்தும் ஓரங்காட்டலாம். கட்டாயத் தகனத்தை மறந்திருக்க மாட்டோம். 2020 ஏப்ரல் வர்த்தமானியில் முஸ்லிம் என்ற சொல்லே இல்லை. கொவிட்டால் மரணித்த அனைவரையும் தகனம் செய்ய வேண்டும் என்றுதான் இருந்தது. தகனத்தையே வழமையாகக் கொண்டவர்களுக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. ஜனாஸாவை அடக்கும் எமக்கும், அடக்கம் செய்யும் கிறிஸ்தவர்களுக்கும் அது நெஞ்சில் வைத்த தீ. அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும், 2021 பெப்ரவரியில்தான் வர்த்தமானி மாறியது. பிறகு ஓட்டமாவடியில் அடக்கினோம். மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தபோது 2024 ஜூலை ஆகியிருந்தது. அதன் பின்னால் இனவாதம் இருந்தது என்பதே என் கருத்து. ஆனால் அந்த விதி அநீதியானது என்று காட்ட எந்த அமைச்சரின் உள்ளத்தையும் திறந்து பார்க்கத் தேவையில்லை.

பரீட்சை மண்டபமும் அப்படித்தான். காதுக்குள் கருவி ஒளிந்திருக்கலாம் என்ற திணைக்களத்தின் அச்சம் நியாயமானது. நானும் மண்டபக் கடமை பார்த்தவள்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: வினாத்தாள் கொடுக்கும் முன் ஒரு பெண் அதிகாரி தனியாகப் பார்த்துவிட்டால் அந்த அச்சம் தீராதா? தீருமென்றால், அதற்கு மேலும் பிள்ளைகளின் தலையைத் திறக்கச் சொல்வதற்கு என்ன காரணம்? “விதி எல்லோருக்கும் ஒன்றுதான்” என்பது இதற்குப் பதிலாகாது. “நீ இனவாதி” என்றால் மட்டும், “எனக்கு முஸ்லிம் நண்பர்கள் இருக்கிறார்கள்” என்று சொல்லி அவர் தப்பிவிடுவார்.

ஸூரத்துல் மாஇதாவின் 8ஆவது வசனம், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பையும் அதனால் நீதி தவறுவதையும் வேறாக வைத்தே பேசுகிறது. உள்ளத்தை அல்லாஹ் அறிவான். நாம் எழுத வேண்டியது செயலை: எந்தத் திகதி, யார் என்ன உத்தரவிட்டார், அதனால் என்ன இழப்பு, வேறு என்ன வழி இருந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது.