சாலைக்கு முன் வரைபடம்

சாலை அமைப்போர் வரைபடத்தின்மேல் அடிகோலை வைத்து முதலில் ஒரு கோடு இழுத்துவிடுவதும், அக்கோட்டின் கீழே காடு உள்ளதா, நீர்நிலை உள்ளதா என்று பின்னர் ஆராய்வதும் நெடுங்கால வழக்கம். அவ்வாராய்ச்சி தொடங்கும் வேளையில் பணம் ஒதுக்கப்பட்டிருக்கும், நிலமும் கைமாறியிருக்கும். பிறகு குறை கண்டாலும் கோட்டை நகர்த்த யாருக்கு மனம் வரும்? இவ்வழக்கத்தை மாற்ற முயன்ற ஒருவரைப் பற்றி இம்மாதம் எண்ணிப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தில் 1920-இல் பிறந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர் இயன் மக்ஹார்க். நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில், மரங்களடர்ந்த குன்றுகளின் ஊடே ரிச்மண்ட் பார்க்வே என்னும் சாலையை அமைக்கத் திட்டமிட்டிருந்தனர். எதிர்ப்பு எழுந்தது. 1968-இல் அவர் அதற்கு மாற்று வழியை ஆராய்ந்தார்.

அவர் கையாண்ட முறை, பூவேலை மாதிரியை எண்ணெய்க் காகிதத்தில் படியெடுக்கும் நம் இல்லத்துப் பெண்களுக்கு எளிதில் விளங்கும். ஒளி ஊடுருவும் தாளொன்றில் நிலச் சாய்வு. மற்றொன்றில் மண் அரிப்பு. இவ்வாறே நீர் வடியும் தன்மை, காடு, வனவிலங்கு, வரலாற்றுச் சின்னம், குடியிருப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். சாலை புகுந்தால் பேரிழப்பு நேரும் இடத்திற்குக் கருநிறம். இழப்புக் குறைந்த இடத்திற்கு வெளிர்நிறம். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நோக்கினால், வெளிறித் தோன்றும் வழியே சாலைக்கு உகந்த வழி. மண்ணை அறிந்தவரும் பறவையை அறிந்தவரும் தனித்தனியே வைத்திருந்த அறிவு, பொறியாளர் கோடு இழுக்குமுன்பே அவர் கண்ணெதிரில் வந்து நின்றது. இம்முறையை விளக்கும் அவருடைய நூல் 1969-இல் வெளிவந்தது.

ஆயினும், ஒன்றைச் சொல்லாதுவிட நமக்கு மனமில்லை. அத்தாள்களுள் நிலத்தின் விலையைக் காட்டும் தாளும் ஒன்று. விலையுயர்ந்த மனைக்குக் கருநிறம், மலிந்த மனைக்கு வெளிர்நிறம்! அப்படியாயின், எளியோர் வாழும் தெரு வெளிறித் தெரிந்து, சாலையைத் தன்பால் வாவென்று அழைக்குமன்றோ? பறவையின் கூட்டைக் காக்கும் வரைபடமே ஏழையின் வீட்டைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். எதற்கு எந்நிறம் என்று தீர்மானிப்பவர் மனிதரே. அத்தீர்மானம் நடைபெறும் அறையில் அத்தெருவினர் இருந்தனரா என்று கேட்பது தகும்.

பெரிய அரசுத் திட்டங்களால் சுற்றுச்சூழலுக்கு நேரும் விளைவுகளை முன்கூட்டியே ஆராயவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1970 ஜனவரி முதல் நாள் கையொப்பமாயிற்று. தாள்களின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. ப்ளோரிடா மாநிலத்தில், சாலைத் திட்டம் கருவிலிருக்கும்போதே பல துறையினரும் கணினி வரைபடங்களைப் பார்த்துத் தம் கருத்தைத் தெரிவிக்கும் முறை பின்னர் ஏற்பட்டது. சதுப்பு நிலத்தின் ஊடே கோடு செல்வதைத் திட்டத்தின் தொடக்கத்தில் கண்டால் அழிப்பான் போதும்; இறுதியில் கண்டால் வழக்குமன்றம்தான்.

ஸ்டேட்டன் தீவின் தென்பகுதியில் மட்டும் அச்சாலை 1972-இல் திறக்கப்பட்டது. குன்றுகளுக்குள் அது நுழையவே இல்லை. இன்று அங்கே ஏறத்தாழ 2,800 ஏக்கர் பரப்பில் பசுமை வளையப் பூங்கா இருக்கிறது. அதனுள்ளே, சாலைப் பணியின்போது தோண்டிக் கொட்டிய கல்லும் மண்ணும் ஒரு மேடாகக் கிடக்கின்றன. சாலையைத் திட்டமிட்ட ராபர்ட் மோசஸ் என்பவரின் பெயரால், மக்கள் அதனை மோசஸ் மலை என்று அழைத்து, அதன்மேல் ஏறி நின்று காட்டைப் பார்க்கிறார்கள்.