விமான ஏ.சி.க்கு எவ்வளவு எண்ணெய்?

அஸ்தினாபுரத்துக்காரர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் நம்மில் பலர் அவ்வப்போது மீனம்பாக்கத்தில் ஏறவும் செய்கிறோம். உட்கார்ந்ததும் தலைக்கு மேலே உள்ள காற்றுத் துளையைத் திருகுகிறோம். அந்தக் குளிர்ச்சிக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்று யோசிப்பதில்லை.

பெரும்பாலான விமானங்களில், பறக்கும்போது ஏ.சி.க்கான காற்று இன்ஜினிலிருந்தே வருகிறது. இன்ஜின் இழுத்து அமுக்கும் காற்றில் ஒரு பகுதியைப் பிரித்து எடுக்கிறார்கள். அது கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது. அதை வெளிக்காற்றால் ஆற்றி, சிறிய டர்பைன் வழியே விரியவிட்டுக் குளிர வைக்கிறார்கள். விமானத்தை முன்னே தள்ள வேண்டிய காற்று இப்படிப் பிரிந்து போவதால் எண்ணெய் கூடுதலாகச் செலவாகிறது. 2012 முதல் ஏர் இந்தியா ஓட்டிவரும் போயிங் 787-இல், இதைக் குறைக்கவே மின்சாரக் கம்ப்ரெஸர் வைத்திருக்கிறார்கள்.

வானத்தில் ஆகும் செலவைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். தரையில் ஆகும் வீண்செலவு பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

நிற்கும் விமானத்தில் ஏ.சி.யை ஓட்டுவது பெரும்பாலும் வாலில் இருக்கும் சிறிய இன்ஜின். ஏ320 போன்ற விமானத்தில் அது மணிக்கு 100 கிலோ அளவுக்கு எண்ணெய் குடிக்கும். அதன் புகையும் இரைச்சலும், பெட்டி ஏற்றும் தொழிலாளிக்குத்தான் முதலில்.

இதற்கு மாற்று உண்டு. நிலையத்து மின்சாரத்தில் குளிர வைத்த காற்றைப் பருத்த குழாய் வழியாக விமானத்துக்குள் விடலாம். ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் விமான நிலையத்தில் இது பல ஆண்டுகளாக நடைமுறை. அங்கே வால் இன்ஜினை ஓட்டக் கட்டுப்பாடும் உண்டு.

சென்னையிலும் ஏரோபிரிட்ஜில் நிற்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கத்திரி வெயிலில் குழாய்க் காற்று போதாமல் போனால், வியர்த்து மயங்குவது நம்மைப் போன்ற வயதானவர்கள்தான். எனவே முதலில் குளிர்ச்சி போதுமானதாக இருக்கட்டும், பிறகு கட்டாயப்படுத்தட்டும். ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: சுற்றறிக்கை அனுப்புவது சுலபம். எந்த விமானம் எத்தனை நிமிடம் வால் இன்ஜினை ஓட்டியது என்று தினமும் பதிவேட்டில் ஏற்றினால்தான் எதுவும் நடக்கும்.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். பகலில் இறங்கும்போது ஜன்னல் மறைப்பை இழுத்து மூடிவிட்டு வருவோம். வெயில் உள்ளே வராவிட்டால் ஏ.சி.க்கு அந்த அளவு வேலை மிச்சம்.