அடியாத மாடும் அழாத பிள்ளையும்

“அடியாத மாடு படியாது!” – மாட்டுக்கு உரைத்த மொழி இது. அதனை மாணவனுக்கு உரியதாக்கி, பிரம்புக்குப் பரிவட்டம் கட்டிவிட்டனர் நம் பெரியவர்கள்!

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், குழந்தையின் உடலை வருத்துவதையும் உள்ளத்தை வருத்துவதையும் ஒருங்கே தடை செய்தது. 2010 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கும் வந்தது. வந்து என்ன? பிரம்பை மூலையில் சாத்தியவர் பலர், நாவையே பிரம்பாக்கிக் கொண்டனர். “மடையா!” “நீ உருப்படமாட்டாய்!” “ஆண்பிள்ளை அழலாமா?” “பெண்பிள்ளைக்கு இவ்வளவு கோபமா?” – முதுகில் விழாத அடி, நெஞ்சில் விழுகிறது.

பிறரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்ற வரவில்லை, தோழர்களே! நாமும் தொடக்கப் பள்ளி ஆசிரியரே, அக்கூண்டில் நின்றவரே. நம் இரண்டாம் வகுப்பில் ஒருநாள், ஒரு சிறுவன் பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்கி ஒடித்தான். “ஏனடா ஒடித்தாய்?” என்று இடி முழக்கினோம். அவன் வாய் திறக்கவில்லை. “திமிர்!” என்று தீர்ப்பளித்து, வெளியே நிற்கவைத்தோம். மணி அடித்தபின் அருகில் அமர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டோம். “நான் தப்பாப் படிச்சேன் சார். அவன் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க,” என்றான்.

நாம் திமிர் என்று கண்டது, வெட்கம்! அதற்குரிய பெயரை அவன் அறியான். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொன்னான். ஒடித்தது குற்றமே, பென்சிலை இழந்தவனும் குழந்தைதானே! ஆனால், 247 எழுத்துக்களையும் கற்பிக்க முனைந்த நாம், அவன் உள்ளத்தில் எழும் உணர்ச்சிக்கு ஒரு சொல்லையேனும் கற்பித்தோமா?

சொல்லுக்கா தமிழில் பஞ்சம்? தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் களம் நான்கு எனக் காட்டியது அது. வெகுளி என்று பெயரிட்டதோடு நிற்கவில்லை. வெகுளி எதனால் பிறக்கிறது என்றும் ஆராய்ந்தது. அந்நூலுக்கு மேடையில் மாலை சூட்டுவோம், ஏழு வயதுக் குழந்தையிடம், “உனக்கு என்ன வருத்தம், எதனால்?” என்று மட்டும் கேட்கமாட்டோம். என்னே நம் தமிழ்ப் பற்று!

மறுநாள் கரும்பலகையில் ஐந்து முகங்கள் வரைந்தோம். மகிழ்ச்சி, வருத்தம், சினம், அச்சம், வெட்கம். காலையில் வகுப்பில் நுழையும் ஒவ்வொரு குழந்தையும் தன் முகத்தின் கீழ் ஒரு கோடு இடும். விரும்பினால் காரணம் சொல்லும். பிறகு சிறு நடிப்பு: ஒருவன் கேலி செய்வான், மற்றவன் கையை ஓங்காமல், “நீ சிரித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, நிறுத்து,” என்று நிமிர்ந்து சொல்வான். அதைக் கேட்டு நிறுத்துவதற்கும் பயிற்சி உண்டு. எல்லாம் பத்து நிமிடந்தான்.

அந்தக் கோடுகள் காட்டியவை கொஞ்சமல்ல. ஒரு சிறுமி மூன்று நாள் அச்சத்தின் கீழேயே கோடிட்டாள். “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்னு ஆயா சொன்னாங்க. தூக்கமே வரலை சார்.” சோற்றோடு அச்சத்தையும் பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள்! இன்னொரு சிறுவன், பக்கத்திலிருந்தவனைவிட்டு விலகி விலகி அமர்ந்தான். ஏன் என்றோம். “அவன்கூட உக்காரக்கூடாதுன்னு வீட்ல சொன்னாங்க.” அவன் முகத்தில் சினமில்லை, அச்சமில்லை, நாம் பலகையில் வரையாத ஆறாவது முகம் – அருவருப்பு! ‘அ’ எழுதப் பழகுமுன்பே அவனுக்குள் அதை எழுதிவிட்டார்கள்.

இருவரையும் சேர்த்து அமர்த்தி, ஒருவன் தாளைப் பிடிக்க மற்றவன் வெட்டும்படி வேலை கொடுத்தோம். ஒரே வாரத்தில் சாதி ஒழிந்தது என்று கதை அளக்கமாட்டோம். கத்தரிக்கோலுக்காகச் சண்டையிட்டனர்; பிறகு சேர்ந்து சிரித்தனர். அவ்வளவே. அந்தச் சிரிப்பு போதும், தொடங்குவதற்கு!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவரும், தடுக்கப் பாய்ந்த தங்கையும், வீட்டினுள்ளேயே வெட்டுப்பட்டனர். பிடிபட்டோர் பள்ளிச் சிறுவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதிநிறக் கைக்கயிறுகளைத் தடுக்கப் பரிந்துரைத்தது. தடுக்கவேண்டியதே! ஆனால், கையில் கட்டிய கயிறு பதினான்கு வயதில் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளத்தில் கட்டிய கயிற்றுக்கோ ஆறு வயதிலேயே முடிச்சு விழுகிறது. அதை அவிழ்ப்பவர் யார்? தொடக்கப் பள்ளி ஆசிரியரன்றி வேறு யார்?

“பாடம் முடிக்கவே நேரமில்லை, இதற்கெங்கே நேரம்?” என்பர். அமெரிக்க ஆய்வாளர் டர்லக்கும் அவர் குழுவினரும், இத்தகைய பயிற்சித் திட்டங்கள் 213-ஐத் தொகுத்து ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். மாணவர் தொகை 2,70,000-க்கும் மேல். பயிற்சி பெற்றோரிடம் நல்லுறவு வளர்ந்தது. படிப்பும், நூறு பேரில் நடுவில் நிற்பவன் 11 இடம் முன்னேறும் அளவுக்கு உயர்ந்தது. பத்து நிமிடம் பாடத்தைத் திருடவில்லை. பாடத்துக்குப் பாதை போட்டது!

“செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்,” என்பர். இல்லை. பென்சிலை ஒடித்தவன், தன் பென்சிலைக் கொடுத்து ஈடு செய்தான். சினத்துக்குப் பெயர் சூட்டுவது, அடிப்பதற்கு உரிமை தருவதாகாது.

“நீதிபோதனைதான் இருக்கிறதே!” என்பர் இன்னும் சிலர். ‘கோபம் கூடாது’ என்று நூறு முறை எழுதவைப்பதா கல்வி? அடங்கிய பிள்ளைகளை ஆக்குவதன்று நம் நோக்கம். அநீதி கண்டு எழும் சினம் தேவை, அது அடுத்தவன் பென்சிலை ஒடிக்காமல், “ஏன்?” என்ற கேள்வியாக வேண்டும். தன் அச்சத்தைப் பார்த்து “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்கும் குழந்தையே பகுத்தறிவின் முதல் வகுப்பில் அமர்ந்திருக்கிறது.

இளைஞர்களே! மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, வீட்டில் தம்பியின் காதைத் திருகுகிறோமே, அது நியாயந்தானா? அக்காள் மகளிடம் பூச்சாண்டி காட்டாதீர். அழுகின்ற சிறுவனை “அழாதே” என்று அதட்டாதீர். பக்கத்தில் அமர்ந்து, “என்ன நேர்ந்தது?” என்று கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். படிப்பகம் நடத்துவோர், மாலையில் கூடும் சிறுவரிடம் இதைத் தொடங்குங்கள். செலவு ஒரு சுண்ணக்கட்டி!

அடித்தால் மாடு படியலாம். நாம் வளர்ப்பது மனிதரை!