காவற்கூலி

நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே, 2012ஆம் ஆண்டில், வலசை வந்த அமூர் வல்லூறுகள் பல்லாயிரக்கணக்கில் வலையிற் சிக்கி மடிந்தன. மறு ஆண்டே பாங்டி ஊரார் வலையை மடித்து வைத்தனர். உலகம் புகழ்ந்தது. செயற்கைக்கோள் கருவி பொருத்திய வல்லூறு ஒன்றுக்குப் 'பாங்டி' என்றே பெயரும் சூட்டினர்.

புகழ் உலையில் வேகுமா? பறவை விற்ற பணத்தில்தான் பலர் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அணைக்கு விளைநிலத்தைப் பறிகொடுத்தவரும் அவர்களுள் உண்டு. உதவித்தொகை ஒரு திங்கள் தவறினாலே உணவு விடுதிக் கடன் என்னை உறங்கவிடுவதில்லை. வருவாயையே துறந்தவர் நிலை என்ன?

அங்கே காடு பெரும்பாலும் ஊர்ப்பொது. ஆகவே, விலங்கியல் பயிலும் நான் சொல்வேன்: காப்பு நிதியின் முதற்பங்கு ஆண்டுதோறும் ஊர் மன்றத்தின் கைக்கே செல்லட்டும். ஆய்வும் விழாவும் பிறகு. அது பிச்சையன்று, காவற்கூலி!