'பரவியிருக்கு' என்றாலே புற்றுநோயா? வயிற்றுக்குள் முளைக்கும் மூளைத் திசு!

பதினாறு, பதினேழு வயதுப் பெண். வயிறு உப்பிக்கொண்டே போகிறது. 'கேஸ் பிரச்சினையா இருக்கும்' என்று நாளைக் கடத்திவிட்டு, கடைசியில் ஸ்கேன் எடுத்தால் சினைப்பையில் பெரிய கட்டி. அறுவை சிகிச்சையில் வயிற்றைத் திறந்தால், உள்சவ்வு முழுக்கச் சின்னச் சின்னதாகச் சாம்பல் வெள்ளை முடிச்சுகள். வெளியே காத்திருக்கும் அப்பா, அம்மா காதில் விழும் முதல் வார்த்தை: "பரவியிருக்கு."

ஒரு குடும்பம் உடைந்துபோக அது போதும். ஆனால், அந்த முடிச்சுகள் எல்லாமே புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சிலருக்கு அவை முதிர்ந்த, சாதுவான மூளைத் திசு. ஆமாங்க, சரியாகத்தான் படித்தீர்கள். 'கிளியோமட்டோசிஸ் பெரிட்டோனி' என்பது இந்த அரிய நிலையின் பெயர்.

மூளைத் திசு வயிற்றுக்குள் எப்படி?

கருமுட்டையாக வேண்டிய செல்களுக்கு உடம்பின் எந்தத் திசுவாகவும் மாறும் திறன் உண்டு. அவை கருத்தரிப்பு இல்லாமலே தாறுமாறாகப் பெருகினால் உருவாவதுதான் டெரட்டோமா கட்டி. உள்ளே முடி, பல், கொழுப்பு, நரம்புத் திசு என்று எது வேண்டுமானாலும் இருக்கும். பெரும்பாலானவை 'டெர்மாய்டு' எனப்படும் முதிர்ந்த வகை, ஆபத்து குறைவு. நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவை முதிராத வகை. இது புற்றுநோய், சிறுமிகளையும் இளம்பெண்களையும்தான் அதிகம் தாக்கும்.

பெரும்பாலும் இந்த முதிராத வகையோடு சேர்ந்துதான் நம் முடிச்சுகள் தென்படுகின்றன. மூளையில் நரம்புச் செல்களைத் தாங்கிப் பிடிக்கும் 'கிளையல்' செல்கள், வயிற்றுச் சவ்விலும் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டியின் உறை கிழிந்து அங்கே சிதறினவா, இல்லை சவ்விலேயே இருக்கும் மூலச் செல்கள் கிளையல் செல்களாக மாறினவா? மரபணு ஆய்வுகளில் சில முதல் கருத்துக்கும், சில இரண்டாவதுக்கும் ஆதரவாக இருக்கின்றன. விவாதம் முடியவில்லை.

ஏன் இதைத் தெரிந்துகொள்ளணும்?

அமெரிக்க நோயியல் நிபுணர்கள் ராபாயும் ஸ்கல்லியும் இப்படிப்பட்ட 12 பேரை ஆராய்ந்து 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முடிச்சுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைவிட, அவை முதிர்ந்தவையா என்பதே முக்கியம் என்று அது காட்டியது. முதிர்ந்த கிளையல் திசு மட்டுமே என்றால், பொதுவாக நோயாளியின் எதிர்காலம் நல்லபடியாகவே இருக்கும். அந்த முடிச்சுகளுக்காக மட்டும் கீமோ தேவைப்படாது. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் கீமோ. முதிர்ந்த திசுவிடம் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியது சினைப்பையில் இருந்த மூலக் கட்டியின் தன்மை.

இதைத் தவறாகப் படித்தால் விலை அதிகம். கண்ணால் பார்த்து 'மூன்றாம் நிலை புற்றுநோய்' என்று முடிவெடுத்து, இரண்டு சினைப்பைகளையும் கருப்பையையும் எடுத்துவிட்டால், பதினேழு வயதில் தாய்மைக்கான வாய்ப்பு போய்விடும். பாதித்த சினைப்பையை மட்டும் நீக்கி மற்றதைக் காப்பாற்ற வழி இருக்கும்போது, அந்த அவசரம் சரியல்ல என்பதே என் கருத்து.

'காத்திருந்தால் புற்றுநோய் முற்றிவிடாதா?' என்ற கேள்வி நியாயமானது. நான் சொல்வது சும்மா இருக்கச் சொல்லி அல்ல. கட்டியை எடுக்கத்தான் வேண்டும். ஆனால், மீள முடியாத முடிவுகள் பயாப்ஸி அறிக்கைக்குப் பிறகு வரட்டும். அதுவும் ஒரே ஒரு முடிச்சைச் சோதித்தால் போதாது. முதிர்ந்த முடிச்சுக்குப் பக்கத்திலேயே முதிராத முடிச்சு ஒளிந்திருக்கலாம். பல இடங்களில் மாதிரி எடுத்து, அனுபவமுள்ள நோயியல் நிபுணர் பார்க்க வேண்டும்.

நல்ல ரிசல்ட் வந்தாலும் 'அப்பாடா' என்று மருத்துவமனையை மறந்துவிடக் கூடாது. முடிச்சுகள் பல ஆண்டுகள் அப்படியே தங்கலாம். மிக அரிதாகப் புற்றுநோயாக மாறியதும் உண்டு. மூலக் கட்டி திரும்பவும் வரலாம். எனவே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று தொடர் கண்காணிப்பு கட்டாயம்.

ஆகவே, யாராவது "பரவியிருக்கு" என்றால், பயம் இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பரவியிருப்பது என்ன திசு? எத்தனை இடத்தில் மாதிரி எடுத்தீங்க? இன்னொரு சினைப்பையைக் காப்பாற்ற முடியுமா? இவற்றைக் கேட்பது டாக்டரைச் சந்தேகப்படுவது ஆகாது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் அறுபது வருஷ வாழ்க்கை இருக்கிறது.