எச்சில் இலையும் சுழற்சிப் பொருளாதாரமும்

சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல் இப்போது எல்லா அரசு மேடைகளிலும் புழங்குகிறது. எதையும் தூக்கி எறியக்கூடாது, மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சோறு மிஞ்சினால் பசித்தவருக்கு, கெட்டுப்போனால் உரத்துக்கு அல்லது எரிவாயுவுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தச் சக்கரத்தைச் சுற்றுகிற கை யாருடைய கை என்பதை மட்டும் எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

முதலில் கணக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. இந்த "ஆளுக்கு" என்பதில்தான் சூது இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 1,500 ரூபாய். 2023-இல் உயர்த்திய பிறகுதான் இந்தத் தொகை. அதற்கு முன் 1,100. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளை. இருபத்தேழு வகைப் பதார்த்தம் வைத்து, பாதி இலையை மூடிவிட்டுப் போகிற கல்யாணப் பந்திக்காரரையும் இந்த மாணவரையும் கூட்டி வகுத்து "நாம் எல்லோரும் வீணாக்குகிறோம்" என்று விழிப்புணர்வு வாரம் கொண்டாடுகிறார்கள். நாங்கள் அந்த "நாம்"-இல் இல்லை.

மிச்சம் என்பது எங்களுக்குப் புதிய கொள்கை அல்ல, பழைய கூலி. ஊர்ச்சோறு என்று ஒன்று இருந்தது. சில ஊர்களில் நேற்றுவரை இருந்தது. வேலை செய்தவருக்குக் காசு தரமாட்டார்கள், பொழுது சாய்ந்ததும் வாசலில் நின்று குரல் கொடுத்தால் பானையின் அடியில் இருப்பதைப் பாத்திரத்தில் கொட்டுவார்கள். எங்களுக்குள்ளேயே புதிரை வண்ணாரை நாமும் அப்படித்தான் நடத்தினோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் மக்களிடம் கேட்டுக்கொண்டவற்றில், செத்த மாட்டின் இறைச்சியையும் அடுத்தவர் தூக்கிப்போடும் மிச்சத்தையும் உண்பதை விட்டுவிடுங்கள் என்பதும் ஒன்று. பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் உரிமையையும் எச்சிலை மறுப்பதையும் அவர் ஒரே மேடையில் வைத்தார். பசி தீர்வது மட்டுமே நோக்கம் என்றால் எச்சிலை மறுக்கச் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு இருந்திருக்காது.

இது பழங்கதை என்று நினைக்கும் தோழர்கள் கரூர் மாவட்டம் நெரூரைப் பார்க்கட்டும். அங்கே மற்றவர்கள் சாப்பிட்டுப் போட்ட இலைகள்மேல் உருளும் சடங்கை 2015-இல் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2024-இல் தனி நீதிபதி ஒருவர் அதை அனுமதித்தார். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. எச்சில் இலை குப்பையா, புனிதமா, மனித மாண்புக்கு இழுக்கா என்று பத்து ஆண்டுகளாக நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்கும் நாட்டில், உணவுக் கழிவு பற்றிய கொள்கை ஆவணம் சாதி என்ற சொல்லைத் தொடாமலே எழுதி முடிக்கப்படுகிறது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் உபரி உணவை மீட்டு வழங்குவதற்கு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. கெட்டுப்போகாத உணவு, சரியான வெப்பநிலை, தயாரித்த தேதி, பதிவேடு எல்லாம் அதில் உண்டு. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. கெட்ட சோற்றைக் கொண்டுவந்து குடிசைப் பகுதியில் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு அப்படி ஒரு கடிவாளம் தேவைதான். ஆனால் அந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போகிறது என்று பாருங்கள். மண்டபத்தில் மிஞ்சிய பிரியாணி பக்கத்து அடுக்குமாடிக்குப் போவதில்லை. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வருகிறது. கூவம் கரையிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட மக்களை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலையை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மிச்சச் சோற்றை அனுப்புகிறார்கள். ரேஷன் அட்டையில் வாங்கும் அரிசிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அரிசி வராவிட்டால் தாலுகா அலுவலகத்தில் சண்டை போடலாம். பிரியாணி வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? சட்டப்படி வருவது உரிமை, மனம் வைத்தால் வருவது பிச்சை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எந்தச் சோறு வீண் என்பதை முடிவு செய்வதே சாதிதான். 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று பெற்றோர் பள்ளியை மறித்தார்கள். வழக்கு ஏழு ஆண்டு இழுத்து, 2025 நவம்பரில்தான் 6 பேருக்குத் தண்டனை கிடைத்தது. 2023-இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்திலும் அதே கதை. மாவட்ட ஆட்சியரே நேரில் போய் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்லி எச்சரிக்க வேண்டியிருந்தது. சூடாக, சுத்தமாக, அரசுச் செலவில் சமைத்த சோறு, சமைத்தவரின் பிறப்பால் ஒரு நொடியில் கழிவாகிவிட்டது. அவர்கள் தின்று மிச்சம் வைத்தது நமக்கு உணவு, நாம் சமைத்தது அவர்களுக்குக் குப்பை. எந்த உணவு வீணடிப்புக் குறியீடு இந்தச் சோற்றை எடைபோடும்?

இப்போது குப்பைக்கு வருவோம். மக்கும் குப்பையின் பெரும்பகுதி சமையலறையிலிருந்தும் சாப்பாட்டு மேசையிலிருந்தும் வருவது. அதைத் தனியாகப் பிரித்தால்தான் உரம், எரிவாயு, எல்லாமே. பிரிக்காமல் கலந்து கொடுத்தால் ஒன்றுக்கும் ஆகாது. மண்டபத்துக் கறுப்புப் பையை ஒருமுறை பிரித்துப் பார்த்தவருக்குத் தெரியும்: எச்சில் இலை, சாம்பார், பிளாஸ்டிக் டம்ளர், ஐஸ்கிரீம் கப், தண்ணீர் பாட்டில், மேடை அலங்காரத்துக் குண்டூசி, எல்லாம் ஒன்றாக ஊறிக் கிடக்கும். வீட்டுப் பையில் நாப்கினும் உடைந்த கண்ணாடியும் ஊசியும் சேர்ந்து வரும். இதைக் கையை விட்டுத் துழாவிப் பிரிப்பவர்தான் உங்கள் சுழற்சிப் பொருளாதாரத்தின் அச்சாணி.

சட்டம் இதை அனுமதிக்கிறதா என்றால் இல்லை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை உண்டாக்குபவரே பிரித்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. 5,000 சதுர மீட்டருக்கு மேலான வளாகங்களும் ஓட்டல்களும் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே உரமாகவோ வாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றன. அனுமதி பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்னரே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றன. தொழிலாளருக்குக் கையுறை, காலணி, முகக்கவசம், மழைக்கோட்டு தர வேண்டும் என்றன. இதில் எதை நம் ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? அந்த "முடிந்தவரை" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை நட்சத்திர ஓட்டல்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன! ஓட்டல்காரருக்கு முடியாதது எல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி தள்ளிவரும் பெண்ணுக்கு முடிந்தாக வேண்டும். துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிவிட்டார்கள். பை மாறவில்லை.

அந்தப் பெண் யார் என்று அரசுக்குத் தெரியாதா? நமஸ்தே திட்டத்தில் சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் சுத்தம் செய்வோரைக் கணக்கெடுத்தார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தந்த பதிலின்படி, சரிபார்த்த 54,574 பேரில் 37,060 பேர் பட்டியல் சாதியினர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அதே திட்டத்தைக் குப்பை பொறுக்குவோருக்கும் விரித்திருக்கிறார்கள். சாக்கடைக்குள் எந்தச் சாதி இறங்குகிறது என்று எண்ணத் தெரிந்த அரசு, உரக்கூடத்தில் எந்தச் சாதி நிற்கிறது என்பதையும் வார்டு வாரியாக எண்ணி வெளியிடட்டும். இந்தூரில் 2022-இல் தொடங்கிய 550 டன் எரிவாயு ஆலையைக் காட்டி எல்லா மாநகராட்சிகளும் பெருமூச்சு விடுகின்றன. எத்தனை டன், எத்தனை பேருந்து ஓடும் என்பதெல்லாம் பலகையில் எழுதியிருக்கும். எத்தனை கை என்பது எழுதியிருக்காது.

2025 ஆகஸ்டில் சென்னையில் அந்தக் கைகள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தன. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, மாநகராட்சியே வேலை தர வேண்டும் என்று ஆகஸ்ட் 1 தொடங்கிப் பதின்மூன்று நாள் போராடினார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்கு ஒப்பந்த நிறுவனத்தில் 17,000 அளவுக்குக் குறையும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 13-ஆம் தேதி நள்ளிரவில் நீதிமன்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு காவல்துறை அவர்களை இழுத்துப் போனது. துணை நின்ற வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் தப்பவில்லை. மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குச் சலுகைகள் அறிவித்தது. காப்பீடு, வீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, கூடவே பணிநேரத்தில் இலவசக் காலை உணவு. கேட்டது கூலி, கிடைத்தது இட்லி. இட்லி வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறும் வயிற்றில் குப்பை அள்ளுபவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் காசுக்குப் பதில் சோறு என்கிற அந்த ஊர்ச்சோற்றுக் கணக்கு நமக்கு நன்றாகவே பழக்கமானது.

அப்போது நம் பக்கத்திலேயே ஒரு கேள்வி எழுந்தது. நிரந்தர வேலை கேட்பது சாதித் தொழிலை நிரந்தரமாக்குவது ஆகாதா? நம் பிள்ளைகளும் அதே வேலைக்குத்தான் போக வேண்டுமா? அக்கறையில் வந்த கேள்விதான், தட்டிக்கழிக்கக்கூடாது. ஆனால் தனியார்மயம் இந்த வேலையிலிருந்து யாரையும் வெளியே எடுத்ததில்லை. அதே பெண், அதே வண்டி, அதே கறுப்புப் பை. சம்பளம் மட்டும் குறைந்திருக்கும், கேள்வி கேட்டால் வேலை இருக்காது. பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்பப் பணம் வேண்டும், ஓய்வூதியம் வேண்டும், வங்கிக்கடன் கிடைக்கிற சம்பளச்சீட்டு வேண்டும். சாதித் தொழிலை ஒழிப்பது என்றால் கையால் தொடும் வேலையை எந்திரத்துக்கும் குப்பை போடுபவருக்கும் மாற்றுவது. தொழிலாளியின் உரிமையை ஒழிப்பது அல்ல.

இடமும் ஒரு கணக்கு. நகரத்தின் வடபாதிக் குப்பை கொடுங்கையூருக்கு, தென்பாதிக் குப்பை பெருங்குடிச் சதுப்புநிலத்துக்கு என்று பல பத்தாண்டுகள் கொட்டினார்கள். கொடுங்கையூரில் இப்போது எரிஉலை வைக்கத் திட்டம். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி நின்று எதிர்த்தார்கள். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம், அது ஒழுங்காக எரியாது என்பது அடுப்பு ஊதிய எவருக்கும் தெரியும். உரமாக வேண்டியதை எரித்துப் புகையாக்கி வடசென்னையின் மூச்சுக்குள் அனுப்புவதற்குப் பெயர் சுழற்சியாம். உரத்துக்கு நாங்கள் எதிரி அல்ல. (அந்த உரத்தைப் போட நிலம் கேட்டால் மட்டும் பஞ்சமி நிலக் கோப்பு காணாமல் போய்விடுகிறது.) அந்தந்த வார்டின் மக்கும் குப்பை அந்தந்த வார்டிலேயே மக்கட்டும். போயஸ் தோட்டத்துச் சோறு போயஸ் தோட்டத்தில், அண்ணா நகர்ச் சோறு அண்ணா நகரில். உரக்கூடம் தங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் பிரித்துக் கொடுக்க எல்லோரும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். நாற்றம் அடிக்கும் என்று நலச்சங்கங்கள் மனுப் போடும். போடட்டும். கொடுங்கையூர் மக்களும் மனுப் போட்டவர்கள்தான்.

மாணவத் தோழர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். உங்கள் கல்லூரி உணவுக்கூடத்திலேயே தொடங்கலாம். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போட்டால் அந்தக் கல்லூரி திடக்கழிவு விதிகளின்படி பெருங்கழிவு உற்பத்தியாளர். ஒரு வாரம் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தராசை வைத்து மிச்சத்தை எடை போடுங்கள். அதைப் பிரிப்பவர் யார், யாருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறார், மாதம் எவ்வளவு வாங்குகிறார், கடைசியாக எப்போது கையுறை கொடுத்தார்கள் என்று அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கும், அங்கே கதவு திறக்காவிட்டால் தகவல் உரிமை மனுவோடு மாநகராட்சிக்கும் போங்கள். போகும்போது அவரையும் முன்வரிசையில் அழைத்துச் செல்லுங்கள், அன்றைய கூலி வெட்டு விழாமல் பார்த்துக்கொண்டு.